வல்லிபுரத்து மணலில் தொலைந்த பாதசரம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் பேருந்து இருபாலையையும் கோப்பாயையும் கடந்ததும் நீர்வேலியின் செம்மண் தோட்டங்களுக்கிடையே ஓடத் தொடங்குகிறது. வாழையும் வெங்காயப் பாத்திகளும் புத்தூர்வரை கூடவே வருகின்றன. ஆவரங்காலுக்கு அப்பால் அவை நின்றுவிட, மரமற்ற வல்லைவெளியும் அதன் உப்புக்காற்றும் எதிர்ப்படுகின்றன. அந்த வெளியைத் தாண்டினால் வலிகாமப் பகுதி முடிந்து வடமராட்சிப் பகுதி. என் தந்தையின் ஊரான கரவெட்டி அங்கேதான் இருக்கிறது. கொழும்பில் வளர்ந்து, சிறுகதை எழுதுவதையே வாழ்வின் முதற்காரியமாகக் கொண்டுவிட்ட நான், இம்முறை உறவினரைப் பார்ப்பதற்காக மட்டும் புறப்படவில்லை. ஈழத்துத் தமிழ்ப் புனைகதை வேர் கொண்ட ஊர்களில் நடந்து, அவை எழுத்தாளனுக்கு எதைக் கொடுத்தன என்று அறிந்துகொள்ள விரும்பினேன்.

விடையின் ஒரு பகுதி பேருந்திலேயே கிடைத்தது. பக்கத்து இருக்கையில் இருந்த முதிய அம்மா, வல்லைப் பாலம் வருவதற்குள், “தம்பி, ஆற்றை பிள்ளை நீர்?” என்று கேட்டார். தந்தையின் குறிச்சியையும் எங்கள் வீடிருக்கும் ஒழுங்கையையும் சொன்னேன். அவர் சற்று யோசித்து, “அப்ப, சவாரி மாடு வைச்சிருந்த வீட்டுப் பேரனெல்லோ!” என்றார். என் அப்பப்பா மாட்டுவண்டிச் சவாரிக்கென்று வளர்த்த வெள்ளை நாம்பனைக் கடனுக்காக விற்றதையும், அதன்பின் நடந்ததையும் அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். “வித்த மாட்டைப் பாக்கவெண்டு வெள்ளிக்கிழமையிலை மனிசன் துன்னாலைக்கு நடந்து போவார். வாங்கினவன் ஒண்டும் கேக்கிறேல்லை; ஒரு செம்பு தண்ணி குடுப்பான்.”

என் தந்தை இதை எனக்குச் சொன்னதேயில்லை. அன்று மாலை பெரியப்பாவிடம் கேட்டபோது அவர் கதையை முற்றாக மாற்றினார்: அப்பப்பா போனது மாட்டைப் பார்க்க அல்ல, விற்ற காசில் வரவேண்டிய மிச்சத்தைக் கேட்கத்தான், கேட்க வாய் வராமல் மாட்டைத் தடவிவிட்டுத் திரும்பிவிடுவார். எது உண்மையென்று தீர்மானிக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு மனிதனின் வெள்ளிக்கிழமை நடையை அவன் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் இருவர் இரு விதமாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை அசைத்தது. சிற்றூரில் எந்த வாழ்க்கையும் சாட்சியில்லாமல் கழிவதில்லை. கொழும்பில் எங்கள் அடுக்குமாடியில் மேல்தளத்தில் இருப்பவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி நான் எழுதினால் முழுவதையும் கற்பனை செய்ய வேண்டியிருக்கும்.

மறுநாள் வல்லிபுரத்துக்குப் போனேன். பருத்தித்துறைக்குத் தெற்கே, கடலை ஒட்டிய வெண்மணற் பரப்பில் வல்லிபுர ஆழ்வார் கோயில் இருக்கிறது. புரட்டாதித் திருவிழாவின்போது குடாநாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் மக்கள் திரள்வார்கள். தீர்த்தம் கடலில் நடைபெறும். நான் போனது திருவிழா இல்லாத காலம். அதனால் மணலைத் தனியாகப் பார்க்க முடிந்தது.

இலங்கையர்கோன் (1915–1961) எழுதிய ‘வெள்ளிப் பாதசரம்’ என்ற சிறுகதை இந்த மணலில்தான் நிகழ்கிறது. புதிதாக மணமான கிராமத்து இணை திருவிழாவுக்கு வருகிறது, மனைவியின் காலிலிருந்து வெள்ளிப் பாதசரம் ஒன்று கழன்று மணலில் தொலைந்துபோகிறது, கணவன் கடிந்துகொள்கிறான், வீடு திரும்பும் வழியில் அந்த மனத்தாங்கல் கரைகிறது. இவ்வளவுதான் கதை. ஆனால் அந்த மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தபோதுதான் அதன் கட்டுமானம் எனக்கு விளங்கியது. ஒவ்வோர் அடிக்கும் கால் கணுக்கால்வரை புதைகிறது. எடுத்த அடியின் தடம் உடனே சரிந்து மூடிக்கொள்கிறது. இங்கே ஒரு சிறு வெள்ளி நகை விழுந்தால் விழுந்த ஓசைகூடக் கேட்காது. தோட்டத்து இறுகிய செம்மண்ணில் நடந்து பழகிய பெண்ணுக்கு இந்த மணல் ஒரு புதுமை. தொலைத்த இடத்தைக் காட்ட முடியாத அவளுடைய திகைப்பு இந்த நிலத்திலிருந்தே பிறக்கிறது. கதாசிரியர் மணலை அலங்காரமாக வைக்கவில்லை. மணல் இல்லாவிட்டால் கதை இல்லை.

பருத்தித்துறை நகரில் தெருமூடி மடத்தையும் பார்த்தேன். கற்றூண்களின்மேல் கூரை போட்டு, வீதியே தனக்குள் புகுந்து போகும்படி கட்டப்பட்ட மடம் அது. வழிப்போக்கர் இருபுறத் திண்ணைகளிலும் இளைப்பாற, போகிறவர் வருகிறவர் அனைவரும் அவர்கள் கண் முன்னால் கடந்துபோவார்கள். கதை கேட்பதற்கென்றே கட்டப்பட்டதைப் போன்ற இடம் என்று நினைத்துக்கொண்டு, கடையில் பருத்தித்துறை வடை ஒரு பை வாங்கினேன்.

இலங்கையர்கோனின் ஊர் ஏழாலை. அவரோடு ஈழத்துச் சிறுகதையின் முன்னோடியாகப் போற்றப்படும் சி. வைத்தியலிங்கமும் அதே ஊரவர். ஒரே சிறிய ஊரிலிருந்து அக்காலத்தில் இரண்டு பெரும் படைப்பாளிகள் எழுந்ததை வெறும் தற்செயல் என்று கருத என்னால் முடியவில்லை. ஏழாலைக்கு அருகிலுள்ள சுன்னாகத்தில் 1930இல் நா. பொன்னையா ‘ஈழகேசரி’யைத் தொடங்கினார். எழுதத் துடிக்கும் இளைஞனுக்கு, கொழும்பையோ சென்னையையோ நம்பியிராமல், சந்தைக்குப் போகும் தூரத்திலேயே ஒரு பத்திரிகையும் அச்சகமும் இருந்தன. ஊரின் கதை ஊரவர் வாசிக்கும் தாளில் ஊர்க்காரனின் பெயரோடு வந்தது. சுன்னாகச் சந்தையில் மரக்கறி விலை கேட்டு நிற்கும்போது அந்த எண்ணம் எனக்கு மிகுந்த உவகையைத் தந்தது. இலக்கியம் வளர்வதற்குப் பெருநகரம் வேண்டும் என்று சொல்பவர்களை நான் இங்கே அழைத்துவர விரும்புகிறேன்.

ஆயினும் சாட்சிகள் நிறைந்த ஊர் எல்லோருக்கும் இனிய ஊராக இருந்ததில்லை. வற்றாத ஆறில்லாத இந்தக் குடாநாட்டில் மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. கிணறே ஊரின் உயிர். அந்தக் கிணற்றில் அள்ளும் உரிமை ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மறுக்கப்பட்டது. வேறொருவர் வந்து ஊற்றும்வரை அவர்கள் குடத்தோடு காத்து நின்றார்கள். கோயில்களும் தேநீர்க்கடைகளும் அவர்களுக்கு மூடியே இருந்தன. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் நுழைவுக்காகப் போராட வேண்டியிருந்தது. அந்தக் காத்துநிற்றலிலிருந்தும் இலக்கியம் பிறந்தது. 1972இல் ‘பஞ்சமர்’ நாவலைத் தந்த கே. டானியலும், தம் முதற்சிறுகதைத் தொகுதிக்குத் ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்று பெயரிட்ட டொமினிக் ஜீவாவும், ஊரை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். ஜீவா யாழ்ப்பாணத்தில் சிகை அலங்கரிக்கும் நிலையத்தில் தொழில் செய்துகொண்டே எழுதினார். 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார். நாற்காலியில் வந்து அமர்பவர் ஒவ்வொருவரும் ஏதேனும் பேசிவிட்டுத்தான் எழுந்துபோவார் என்பதால், அந்த நிலையமும் தெருமூடி மடத்தின் தொழிலையே செய்திருக்க வேண்டும். எங்கள் ஊர்களின் அழகைப் பற்றி எழுதுகிறவர் எவரும் இவர்களை வாசித்த பிறகே எழுத வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். கிணற்றில் நீர் இறைக்கும் துலாவும் பூவரசு வேலியும் கண்ணுக்கு இனியவைதாம். அந்தத் துலாக்கயிற்றை யார் தொடக்கூடாது என்பதையும் சொன்னால்தான் ஊர் முழுமையாகத் தெரியும்.

கரவெட்டியில் எஞ்சிய நாட்களின் காலைப்பொழுதுகளை வாசிகசாலையில் கழித்தேன். யாழ்ப்பாணத்து ஊர்களில் குறிச்சிக்குக் குறிச்சி இப்படியொரு வாசிகசாலையோ சனசமூக நிலையமோ இருக்கும். நீண்ட மேசையில் அன்றைய பத்திரிகைகள் விரிந்து கிடக்க, முதியவர்கள் அரசியற் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் மரண அறிவித்தல்களையே பார்க்கிறார்கள். “கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், கனடாவை வதிவிடமாகவும் கொண்ட” என்று தொடங்கும் அந்த அறிவித்தல்களில், கணவர், பிள்ளைகள், மருமக்கள் ஆகியோரின் பெயர்களுக்கருகே இலண்டன், பாரிஸ், சூரிச் என்று ஊர்கள் அடைப்புக்குறிக்குள் வரிசையாக வருகின்றன. பிறந்த இடம் மட்டும் ஒன்றாக இருக்கிறது.

போரும் இடப்பெயர்வும் குடாநாட்டு மக்களை இவ்வாறு சிதறடித்தன. சென்றவர்களோடு ஊரும் சென்றது. கொக்குவிலில் பிறந்து, பல நாடுகளில் பணியாற்றிக் கனடாவில் குடியேறிய அ. முத்துலிங்கத்தின் கதைகளில் ஆப்பிரிக்காவும் வட அமெரிக்காவும் வரும்போதுகூட, பார்க்கும் கண் கொக்குவில் சிறுவனுடையதாகவே எனக்குத் தோன்றுகிறது. அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி பிரான்சில் இருந்து எழுதுகிறார். விட்டுப்போனவர்களுக்கு ஒழுங்கையின் வளைவும் படலையின் கிரீச்சொலியும் துல்லியமாக நினைவிருப்பதற்கு, அவற்றை அவர்கள் தினமும் பார்க்காததே காரணமாக இருக்கலாம். இங்கேயே இருப்பவர்களின் கண்ணெதிரில் கிடுகு வேலிகள் மறைந்து சீமெந்து மதில்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. வேலியின் இடைவெளியான பொட்டுக்குள் தலையை நீட்டி அயல்வீட்டாரோடு பேசிய காலம் போய், மதிலுக்கு அப்பால் யார் இருக்கிறார் என்று தெரியாத வீடுகளும் ஊரில் வந்துவிட்டன. இது என்னைக் கவலைப்படுத்துகிறது. ஆனால் வாசிகசாலைக்கு மதில் இல்லை.

அங்கே ஒரு முதியவர் அறிவித்தல் ஒன்றை உரக்க வாசித்தார். இறந்த பெண்மணியின் பெயரைக் கேட்டதும் மற்றொருவர், “இவ எங்கடை பள்ளிக்கூடத்திலை பேச்சுப்போட்டியிலை எப்பவும் முதலாவதெல்லோ” என்றார். மூன்றாமவர், அந்த அம்மாவின் தகப்பனார் சைக்கிளில் முன்னால் இருத்திப் பள்ளிக்குக் கொண்டுவந்து விட்டதைச் சொன்னார். பிறகு அந்தச் சைக்கிள் எந்தக் கடையில் வாங்கியது என்பதைப் பற்றி இருவருக்கும் சூடான வாக்குவாதம் தொடங்கியது. நான் குறிப்பேட்டைத் திறந்து, பெயர்களைத் தவிர்த்து மற்ற அனைத்தையும் எழுதிக்கொண்டேன்.