வீட்டு வளவில் சின்ன வெங்காயம்

கறிக்கு வாங்கின வெங்காயத்தில் ஒரு பிடியை அப்படியே ஊன்றிவிட்டு முளைக்கவில்லையே என்று பார்த்திருப்பதில் பயனில்லை. புதிதாகக் கிண்டின வெங்காயம் உறக்கத்தில் இருக்கும். பிடி கட்டி, காற்றாடத் தொங்கவிட்டு, இரண்டு மாதமளவில்தான் முளை அசையும். சந்தேகமென்றால் ஒன்றை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். நடுக்குருத்து பச்சையாகி, பாதி உயரத்துக்கு மேல் ஏறியிருந்தால் நடலாம். வெள்ளையாகவே கிடந்தால் இன்னும் இரண்டு கிழமை பொறுக்க வேண்டும். கழுத்தை அமுக்க மெத்தென்றிருப்பதையும் கறுப்புப் பூசணம் பிடித்ததையும் கழித்துவிடுங்கள். எங்கள் யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காய இனமான வேதாளன் கிடைத்தால் வேறு தேட வேண்டாம்.

(காட்டு வெங்காயம் என்றும் சொல்லப்படுகிற நரிவெங்காயம் வேறு சாதி. கிழங்கைப் பார்க்க வெங்காயம்தான், ஆனால் நஞ்சு. இரண்டையும் அருகருகே வைக்காதீர்கள்.)

ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் நடுவது வீண்வேலை. மழை ஓய்ந்து தை பிறக்கிற கையோடு தொடங்கலாம். ஒரு மீற்றர் சதுரப் பாத்திக்கு 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் நூறு வெங்காயம் போகும். அரைக் கிலோ அளவில் போதும். ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, உக்கின மாட்டெரு இரண்டு வாளி கலவுங்கள். உக்காத எருவைப் போட்டால் அழுகல்தான் மிச்சம். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் செம்மண்ணில் தண்ணீர் நன்றாக வடியும். மழைத்தண்ணீர் தேங்கும் வளவென்றால் பாத்தியை உயர்த்திக் கட்டுங்கள். சாடியில் வைப்பதென்றால் ஓரடி அகலத்துக்கு ஆறேழுக்கு மேல் வேண்டாம்.

ஊன்றும்போது நுனி வெளியே தெரிய வேண்டும். ஆழப் புதைத்தால் கிழங்கு நீண்டு மெலியும், அழுகவும் செய்யும். மேலோட்டமாக வைத்தால் வேர் ஊன்றும்போது கிழங்கையே மேலே தள்ளிவிடும். மிச்சத்தைக் கோழி பார்த்துக்கொள்ளும்.

முதல் கிழமை தினமும் கொஞ்சம் தண்ணீர். பிறகு விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, மூன்று நாளைக்கு ஒருக்கால் இறைத்தால் போதும். மணல் தறைக்கு இன்னும் அடிக்கடி வேண்டும். பொழுதுபட்ட பிறகு தாளுக்கு மேலே ஊற்றாதீர்கள். ஈரத்தோடு விடிகிற தாளில்தான் நோய் ஏறும். தாள் நுனியெல்லாம் ஒரேயடியாகக் காய்ந்தால் உடனே மருந்து தேட வேண்டாம், முதலில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். தீவுப்பக்கமும் கரையோரமும் உவர் ஏறின தண்ணீருக்கு வெங்காயம் தாங்காது.

யூரியா மூன்றாம் கிழமையும் ஐந்தாம் கிழமையும் பாத்திக்கு ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். கூடப் போட்டால் தாள் கரும்பச்சையாகக் கொழுக்கும், கழுத்து தடிக்கும், தொங்கவிட்ட பிடி அழுகும். இன்னொன்றும் உண்டு: எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் இட்ட யூரியா நைத்திரேற்றாகிக் கீழே இறங்கி, குடிக்கிற கிணற்றுக்கே வந்து சேரும்.

தாள் சுருண்டு நெளிந்து, கழுத்து நீண்டு வளர்ந்தால் அது பூஞ்சண நோய். மண்ணோடு பிடுங்கி எரியுங்கள். குப்பைக் கிடங்கில் போடாதீர்கள், அந்தப் பாத்தியில் விதைக்கும் எடுக்காதீர்கள். குருத்தடியில் வெள்ளிக் கீறல்கள் தெரிந்தால் பனிப்பூச்சி. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம் விதையை இடித்து இரவு ஊறவைத்து, வடித்து, துளி சவர்க்காரம் சேர்த்து மாலையில் குருத்துக்குள் படத் தெளியுங்கள். தாளில் கண்ணாடி போல வெளிறின இடம் தெரிந்தால் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். குழலுக்குள் பச்சைப் புழுவும் அதன் எச்சமும் இருக்கும். மருந்து உள்ளே போகாது. அந்தத் தாளைக் கிள்ளி நசுக்குவதுதான் வழி.

பூத்தண்டு தலைகாட்டினால் இளசிலேயே முறித்து வறைக்கு எடுங்கள்.

60, 70 நாளில் தாள் பாதிக்கு மேல் சாயும். கிண்டுவதற்கு ஒரு கிழமை முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். கிண்டினதை வரிசையாகப் பரப்பி, ஒன்றின் தாள் அடுத்ததன் கிழங்கை மூடுகிற மாதிரி வைத்து மூன்று நான்கு நாள் உணர்த்துங்கள். வெயில் நேரே பட்டால் கிழங்கு வெந்துவிடும். தாள் சருகான பிறகு பிடி கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடலாம். நல்ல பிடி ஒன்றிரண்டை அடுத்த நடுகைக்கென்று தனியாகக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கறிக்குப் போய்விடும்.