வெட்டி எறிந்த நாற்பது செக்கன்

பாரிஸில் நான் வேலை செய்யும் ஒலிக்கூடம் ஒரு பழைய கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் இருக்கிறது. ஸ்பூல் நாடா, கசெற், இசைத்தட்டு எது வந்தாலும் டிஜிட்டலுக்கு மாற்றிக் கொடுப்போம். பத்து வருசத்துக்கு மேல் இதே வேலை. சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்றுதான்: குரலை விடு, மற்றதெல்லாவற்றையும் எடு. நாடாவின் இரைச்சல், மின்சார ரீங்காரம், கதிரை இழுபடும் சத்தம், இருமல், இடையில் வரும் வெறுமை எல்லாமே குப்பை. அந்தப் பாடம் எவ்வளவு தப்பு என்று எனக்கு விளங்கியது ஒரு ரஷ்யக் கவிஞரின் நாடாவில்தான். அவர் பெயர் அலெக்சாந்தர் காலிச்.

எழுபதை நெருங்கும் ஒரு ரஷ்ய அம்மா பிஸ்கற் டின் ஒன்றில் இரண்டு ஸ்பூல்களைப் போட்டுக்கொண்டு வந்தார். 1990களில் பிரான்சுக்கு வந்தவராம். மூடியைத் திறந்ததுமே பழைய நாடாக்களுக்கு உரிய அந்தப் புளித்த வினாகிரி மணம். நாடா ஓரங்களில் சுருண்டிருந்தது. மூன்று இடத்தில் அறுந்து, வீட்டில் இருந்த ஏதோ ஒட்டுத்தாளால் ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பசை உருகி அடுத்த சுற்றிலும் பிடித்திருந்தது. ஒட்டைப் பிரித்து, துடைத்து, புது ஒட்டுப் போட்டு எடுக்கவே ஒரு நாள் போய்விட்டது.

மெசினில் ஏற்றி, செக்கனுக்கு 9.5 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடவிட்டேன். கிற்றார் கேட்டது. ஏழு தந்திக் கிற்றார், ரஷ்யர்களிடம் வழக்கத்தில் உள்ளது. அப்புறம் ஒரு ஆண் குரல். பாடுகிறார் என்பதை விட, மேசைக்கு எதிரே இருப்பவருக்கு ஒரு கதையைச் சொல்கிறார் என்றால் சரியாக இருக்கும். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. ஆனாலும் அந்தக் குரல் என்னைக் கையை எடுக்க விடவில்லை. யார் இவர் என்று அன்றிரவே தேடத் தொடங்கினேன்.

காலிச் 1918 அக்டோபர் 19 அன்று இன்றைய உக்ரைனின் தினிப்ரோ நகரில் பிறந்தவர். இயற்பெயர் கின்ஸ்பூர்க். குடும்பப் பெயர், முதற்பெயர், தகப்பன்வழிப் பெயர் மூன்றிலிருந்தும் எழுத்துகளை எடுத்துக் கோத்து ‘காலிச்’ என்று வைத்துக்கொண்டார். நாற்பது வயது தாண்டும்வரை அவர் அரசாங்கத்துக்கு வேண்டிய எழுத்தாளர். அவருடைய நாடகங்கள் மேடையேறின. அவர் திரைக்கதை எழுதிய படங்கள் ஓடின, கையில் காசும் இருந்தது. யூதக் குடும்பம் ஒன்றைப் பற்றி அவர் எழுதிய ஒரு நாடகத்தை மட்டும் 1958இல் மேடைக்கு வரவிடாமல் தடுத்தார்கள். 1962இல் மாஸ்கோவிலிருந்து லெனின்கிராடுக்குப் போகும் இரவு ரயிலில் தூக்கம் வராமல் ஒரு பாட்டு எழுதினார். அதற்குப் பிறகு வந்த பாட்டுகள் எந்தத் தணிக்கைக்கும் அடங்காதவை. சிறை முகாம்களில் இருந்து திரும்பியவன், குடிகாரன், போரில் சிதைந்த சிப்பாய், எழுதித் தந்த உரையைக் கூட்டத்தில் வாசிக்கும் தொழிலாளி என்று ஆளுக்கு ஆள் குரலை மாற்றிப் பாடினார். சிறை முகாம் பற்றிய பாட்டுகளைக் கேட்ட பலர் இவரும் உள்ளே இருந்தவர் என்றே நம்பினார்களாம். அவர் ஒருநாளும் முகாமில் இருக்கவில்லை.

இந்தப் பாட்டுகளுக்கு இசைத்தட்டும் இல்லை, மேடையும் இல்லை. வீடுகளின் குசினிகளில் நண்பர்கள் கூடுவார்கள். கோப்பைகளுக்கும் தட்டுகளுக்கும் நடுவே மைக் ஒன்று இருக்கும். அங்கே பதிவானதை இன்னொருவர் படியெடுப்பார், அந்தப் படியிலிருந்து மற்றொருவர். இப்படியே நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. இதற்கு ரஷ்யர்கள் வைத்த பெயர் மாக்னிதிஸ்தாத், அதாவது நாடாவில் தாங்களே போட்டுக்கொள்ளும் பதிப்பு. எரிகா தட்டச்சில் நாலு படி விழும், யாவுஸா ரேப் ரெக்கோடர் ஒன்று இருக்கிறது, அது போதும் என்று காலிச்சே ஒரு பாட்டில் பாடியிருக்கிறார். என்னைப் போன்றவனுக்கு ஒரு நாடா எத்தனையாவது படி என்பது ஓரளவுக்குக் காதிலேயே தெரியும். ஒவ்வொரு படியிலும் இரைச்சல் ஒரு அடுக்கு ஏறும். குரலின் மேல் ஓரம் மழுங்கும். வேகம் கொஞ்சம் தள்ளாடும். இந்த அம்மாவின் நாடாவில் அப்படி ஒரு அடுக்கும் இல்லை. நேரே அந்த அறையில், அந்த மேசையில் பதிவானது.

சரி, நான் செய்த பிழைக்கு வருகிறேன். ஒரு பாட்டின் நடுவே கிற்றார் நிற்கிறது. ஏதோ மணி அடிக்கிறது. பேச்சில்லை. பிறகு கதிரைகள், ஒரு பெண்ணின் சிரிப்பு, கோப்பைச் சத்தம். பின் பாட்டு நின்ற அடியிலிருந்து மறுபடி தொடங்குகிறது. மொத்தம் நாற்பது செக்கன். பழகிய கையால் அதை வெட்டினேன். இரண்டு பக்கத்தையும் இழைத்து ஒட்டினேன். யாருக்கும் தெரியாது, அவ்வளவு சுத்தமான வேலை. இரைச்சலையும் துடைத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா திரும்பி வந்தார். கோபமில்லை. “மணி எங்கே?” என்று மட்டும் கேட்டார்.

அம்மாவின் சிறுவயதில் அவர்கள் இருந்தது பல குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்ட ஒரு வீடு. குடும்பத்துக்கு ஒரு அறை, குசினி எல்லோருக்கும் பொது. வாசல் மணியும் ஒன்றுதான். ஒரு முறை அடித்தால் இந்தக் குடும்பம், இரண்டு முறை என்றால் அந்தக் குடும்பம் என்று கணக்கு. இவர்களுக்கு மூன்று. அன்றிரவு பொதுக் குசினியில் பாட முடியாது, பக்கத்து ஆள் போய்ச் சொல்லிவிடலாம். அதனால் தங்கள் அறைக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவான குரலில் பாடல். அந்த நேரம் மணி. ஒன்று. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். இரண்டு. மூன்று. மூன்று என்றால் அப்பா, வேலை முடிந்து பிந்தி வந்திருக்கிறார். பத்து வயதுப் பிள்ளையாகக் கட்டிலில் படுத்திருந்த இவர் போர்வைக்குள் விரலை மடக்கி எண்ணியிருக்கிறார். அந்தச் சிரிப்பு அவருடைய அம்மாவுடையது.

எனக்கு நெஞ்சு அடைத்துப் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து என் அம்மா எனக்குக் கசெற்றில் பேசி அனுப்பிய காலம் ஒன்று உண்டு. நடுவில் கிணற்றுக் கப்பிச் சத்தம் வரும். அதைத் துடைத்துத் தருகிறேன் என்று எவனாவது வந்திருந்தால் நான் விட்டிருப்பேனா?

நல்ல வேளை, தொடாத மூலப் பதிவை எப்போதும் தனியாக வைத்திருப்போம். அதை எடுத்து மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

அதன் பிறகு காலிச்சின் கடைசி வருசங்களை வேறு காதால் கேட்கத் தொடங்கினேன். 1968 மார்ச்சில் நோவசிபிர்ஸ்க் அருகே விஞ்ஞானிகளின் நகரத்தில் அவருக்கு ஒரு மேடை கிடைத்தது. அங்கே கவிஞர் பாஸ்தர்நாக் நினைவாக எழுதிய பாட்டைப் பாடினார். பாஸ்தர்நாக்கை 1958இல் எழுத்தாளர் சங்கத்திலிருந்து வெளியே போட்டபோது கை தூக்கியவர்களை நினைவில் வைத்திருப்போம் என்று சொல்லும் பாட்டு. அதோடு அவருக்கு மேடைகள் முடிந்தன. 1971 டிசம்பரில் அதே சங்கம் இவரையும் வெளியேற்றியது. அடுத்து திரைத்துறையினரின் சங்கம். வேலை போனது, படங்களில் பெயர் போனது, இருதயமோ ஏற்கெனவே நலிந்திருந்தது. 1974 ஜூனில் நாட்டை விட்டுப் போனார். ‘நான் திரும்பி வரும்போது’ என்ற பாட்டைப் புறப்படும் முன்பே எழுதியிருந்தார். போனவர் திரும்பவேயில்லை.

முதலில் நார்வே, பிறகு மியூனிக், அப்புறம் பாரிஸ். அமெரிக்கப் பணத்தில் மியூனிக்கிலிருந்து சோவியத் மக்களுக்காக நடந்த விடுதலை வானொலியின் (ரேடியோ லிபர்ட்டி) ரஷ்ய ஒலிபரப்பில் பேசினார், பாடினார். அந்தக் காலத்து ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்டேன். தொழில்முறையில் குறை சொல்ல ஏதுமில்லை. குரல் தெளிவு, இரைச்சல் குறைவு. ஆனால் குரலைச் சுற்றி ஒன்றுமே இல்லை. கோப்பை இல்லை, இருமல் இல்லை, ஒரு அடி முடிந்ததும் யாரோ மெதுவாக விடும் மூச்சு இல்லை. கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பாடிய மனிதன், பஞ்சு ஒட்டிய சுவரைப் பார்த்துப் பாடுகிறார். நாடு கடந்தவர்களின் துயரத்தைப் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறேன். அதை என் காதாலேயே கேட்டது அந்த அமைதியில்தான்.

அம்மாவின் இரண்டாவது ஸ்பூல் அந்த வானொலியிலிருந்து பிடித்தது. சோவியத் அரசு அலைவரிசைக்கு மேலே பெரும் இரைச்சலை அனுப்பி ஒலிபரப்பைக் குழப்பும். நகரத்தில் அது கடுமை, ஊர்ப்புறத்தில் கொஞ்சம் குறைவு. அதனால் ஊர்ப்புற வீட்டுக்கு வானொலியைக் கொண்டுபோய், முன்னால் ரேப் ரெக்கோடரை வைத்து அப்பா பதிந்திருக்கிறார். மரம் அறுக்கும் வாள் போன்ற அந்த உறுமலுக்குக் கீழே காலிச் பேசுகிறார். உறுமல் தணியும் இடத்தில் இந்தப் பக்கம் யாரோ “ம்” என்கிறார். அந்த “ம்” மியூனிக்கைப் போய்ச் சேரவேயில்லை.

1977 டிசம்பர் 15 அன்று பாரிஸ் வீட்டில், புதிதாக வாங்கிய ஒலிக்கருவிக்கு அன்ரெனா பொருத்தப் போனபோது மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 59. விபத்து என்று பொலிஸ் முடித்தது. நம்பாதவர்களும் இருந்தார்கள். கம்பிகளோடே நாளைக் கழிக்கும் எனக்கு அந்தச் செய்தியைத் தாண்டிப் போக நெடுநாள் எடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்குத் தெற்கே உள்ள செயின்ட் ஜெனவீவ் தெ புவா ரஷ்யக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அவருடைய கல்லைப் பார்த்து வந்தேன். 1988இல் எழுத்தாளர் சங்கம் அவருடைய உறுப்புரிமையைத் திருப்பிக் கொடுத்தது. அதே வருசக் கடைசியில்தான் விடுதலை வானொலி மீதான அந்த இரைச்சலையும் நிறுத்தினார்கள்.

புதுப் பிரதியை வாங்க வந்த அன்று அம்மாவைக் கதிரையில் உட்கார வைத்து ஹெட்போனைக் கொடுத்தேன். பாட்டு நிற்கும் இடம் வந்தது. அவருடைய வலது கை மேசையில் இருந்தது. ஒரு விரல் மடங்கியது. இரண்டாவது. மூன்றாவது விரலை மடக்கியதும், ஹெட்போனைக் கழற்றாமலே, இன்னொரு முறை போடும்படி கையைச் சுழற்றிக் காட்டினார்.