முதல் மாநாட்டு உரை: 12 நிமிடத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது

பிஎச்.டி. சேர்ந்து முதல் தடவை மாநாட்டில் பேசப் போகிறவர்கள் மேடைக்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் உரையைக் கெடுப்பது கை நடுக்கம் அல்ல, நேரம். நிகழ்ச்சி நிரலில் 15 நிமிடம் என்று இருந்தால் பேச 12, கேள்விக்கு 3 என்பது வழக்கமான கணக்கு. முந்தையவர் இறங்கி, உங்கள் பெயரை வாசித்து, ஸ்லைடு திரைக்கு வரவும் நேரம் போகும். அதனால் 11 நிமிடத்துக்குத் தயாரித்துக்கொள்வதே நல்லது.

ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 120, 130 சொற்கள் வரும். 11 நிமிடத்துக்குச் சுமார் 1,400 சொற்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையும் விவாதப் பகுதியும் மட்டுமே பல நேரம் இதைத் தாண்டிவிடும். கட்டுரையைச் சுருக்கி உரையாக்கும் முயற்சி இங்கேதான் உடைகிறது. 20 ஸ்லைடில் முதல் எட்டும் 'இதுவரை யார் யார் என்ன செய்தார்கள்' என்றே போகும். எட்டாவது நிமிடத்தில் பேச்சு இன்னும் செய்முறையிலேயே நிற்கும். அமர்வுத் தலைவர் '2 நிமிடம்' அட்டையைத் தூக்கியதும் மிச்ச ஸ்லைடுகள் படபடவென்று ஓடும். இரண்டு வருட உழைப்பில் வந்த வரைபடம் திரையில் பத்து நொடி நிற்கும்.

பின்னாலிருந்து கட்டுங்கள். கேட்டவர்கள் வெளியே போகும்போது எந்த ஒரு படம் அவர்கள் மனதில் இருக்க வேண்டும்? அதை முதலில் எடுத்து வைத்து முழுதாக இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். அந்தப் படம் புரிய என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அவ்வளவுதான் முன்னுரை. மற்றதெல்லாம் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் போகட்டும். கேள்வி வந்தால் எடுத்துக் காட்டலாம். கடைசி ஸ்லைடு என்றால் பூங்கொத்து போட்ட 'தேங்க் யூ' அல்ல. முக்கியப் படமும் இரண்டு வரி முடிவும் இருக்கும் ஸ்லைடு. கேள்வி நேரம் முழுக்கத் திரையில் நிற்கப்போவது அதுதான், அந்த இடத்தைப் பூவுக்குக் கொடுப்பானேன்?

கட்டுரைக்குப் போட்ட படத்தை அப்படியே ஒட்டினால் பின்வரிசையில் யாருக்கும் தெரியாது. நான்கு பகுதிகள், 8 பாயின்ட் எழுத்து, மூலையில் ஆறு நிறக் குறிப்புப் பெட்டி. படிக்கிறவருக்கு அது சரி, கேட்கிறவருக்குச் சரிவராது. தேவையான ஒரு பகுதியை மட்டும் புதிதாக வரையுங்கள். கிடை, செங்குத்து அச்சுகளில் உள்ள எழுத்து 20 பாயின்டுக்குக் குறைய வேண்டாம். குறிப்புப் பெட்டியை எடுத்துவிட்டு ஒவ்வொரு கோட்டின் அருகிலேயே அதன் பெயரைப் போடுங்கள். மஞ்சளும் இளம்பச்சையும் லேப்டாப்பில் பளிச்சென்று இருந்துவிட்டு புரொஜெக்டரில் காணாமல் போகும். சிவப்பையும் பச்சையையும் ஒன்றுக்கொன்று எதிராக வைக்காதீர்கள். நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் அரங்கில் அநேகமாக இருப்பார்கள். நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பு.

படம் வந்ததும் முடிவுக்குத் தாவ வேண்டாம். 'கிடை அச்சில் வெப்பநிலை, செங்குத்து அச்சில் வினைவேகம், ஒவ்வொரு புள்ளியும் ஒரு மாதிரி' என்று சொல்ல 15 நொடிதான் ஆகும். உங்களுக்கு அது மாதக்கணக்கில் பழகிய படம், அரங்கில் இருப்பவர்கள் இப்போதுதான் பார்க்கிறார்கள். எரர் பார், அதாவது புள்ளிக்கு மேலும் கீழும் நீளும் பிழைக்கோடு, காட்டுவது திட்ட விலக்கமா (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்), திட்டப் பிழையா (ஸ்டாண்டர்ட் எரர்), எத்தனை மாதிரிகள் என்பதை ஸ்லைடிலேயே எழுதுங்கள். மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் திட்ட விலக்கத்தை வகுத்தால் வருவதுதான் திட்டப் பிழை. 25 மாதிரி என்றால் அதே தரவில் கோடு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எழுதாமல் விட்டால் முதல் கேள்வியே இதுவாக வரலாம்.

ஒத்திகையை நின்றுகொண்டு, வாய்விட்டு, ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது எப்போதும் வேகமாகவே முடியும். '5ஆம் நிமிடத்தில் 4ஆம் ஸ்லைடு' என்று இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிந்தினால் எந்த ஸ்லைடைத் தாண்டுவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடமாக இருக்கட்டும். முழுதையும் நெட்டுரு போட்டால் ஒரு சொல் மறந்ததும் தொடர்ச்சி அறுந்துவிடும்.

கணினி விஷயம். வேறு கணினியில் திறக்கும்போது எழுத்துரு மாறும், சமன்பாடு நகரும், வீடியோ ஓடாது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துச் சேமியுங்கள். பிடிஎஃப் பிரதி ஒன்று, வீடியோ தனியாக ஒன்று பென் டிரைவில் இருக்கட்டும். அமர்வு தொடங்கும் முன் இடைவேளையில் ஏற்றி, மேடைக் கணினியிலேயே எல்லா ஸ்லைடையும் தட்டிப் பாருங்கள். குறிப்புகளைக் காட்டும் திரை பல அரங்குகளில் வேலை செய்யாது, அதை நம்பிப் போக வேண்டாம். எல்இடி திரையில் லேசர் புள்ளி சரியாகத் தெரியாது, இணையத்தில் பார்க்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. அம்புக்குறியை ஸ்லைடிலேயே போட்டுவிடுங்கள். மேசை மைக் என்றால் திரைப் பக்கம் திரும்பியதும் குரல் காணாமல் போகும்.

கேள்வி வந்தால் அதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். அரங்குக்கும் கேட்கும், யோசிக்க ஐந்து நொடியும் கிடைக்கும். உச்சரிப்பு புரியவில்லையா, ஒருமுறை திரும்பக் கேளுங்கள். மறுபடியும் புரியாவிட்டால் 'இன்னதைப் பற்றிக் கேட்கிறீர்களா?' என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். செய்யாத சோதனையைப் பற்றிக் கேட்டால் 'செய்து பார்க்கவில்லை. இன்ன காரணத்தால் இப்படி வரும் என்று எதிர்பார்க்கிறோம்' என்பது கௌரவமான பதில். எண்ணை மட்டும் ஊகித்துச் சொல்லாதீர்கள். கேள்வி என்ற பெயரில் தன் ஆய்வையே சொற்பொழிவாக ஆற்றுகிறவர் எங்கும் உண்டு. 'இடைவேளையில் பேசலாம்' என்று நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம். கைடு (ஆய்வு நெறியாளர்) முன்வரிசையிலிருந்து குதித்துப் பதில் சொல்லும் பழக்கம் உள்ளவரென்றால் முந்தின நாளே பேசி வைத்துக்கொள்வது உத்தமம்.

உரை இல்லாமல் போஸ்டர் (ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டுப் பலகையில் மாட்டி விளக்குவது) கிடைத்திருந்தால் அச்சுக்குக் கொடுக்கும் முன் பலகையின் அளவைப் பாருங்கள். ஏ0 தாள் என்பது 841 x 1189 மி.மீ.; நெடுக்காகவா, குறுக்காகவா என்பது மாநாட்டுக்கு மாநாடு மாறும்.

அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) அனுப்பும் முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஆய்வில் காப்புரிமைக்கு (பேட்டன்ட்) வாய்ப்பிருந்தால், விண்ணப்பிக்கும் முன் பொதுவெளியில் சொல்வது பல இடங்களில் அந்த உரிமையையே இழக்க வைக்கும். அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் பொதுவாகக் கிடையாது. வெளியான அப்ஸ்ட்ராக்டும் மாட்டிய போஸ்டரும்கூடப் பொதுவெளிதான். கைடிடமும் உங்கள் நிறுவனத்தின் காப்புரிமை அலுவலகத்திடமும் கேட்டு, இணை ஆசிரியர்கள் எல்லோரும் சரி என்ற பிறகு அனுப்புங்கள்.