பல பேண்டுக்கும் ஒரே பவர் ஆம்ப்ளிஃபயர்: ப்ராஜெக்ட் எடுக்கப்போகிறவர்களுக்கு

எம்.இ. படிக்கும் ஜூனியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணா, மொபைல் போனுக்கான பவர் ஆம்ப்ளிஃபயரை ப்ராஜெக்டாக எடுக்கலாமா?" ஆன்டெனாவுக்குப் போகும் சிக்னலைப் பெருக்கும் சுற்றுதான் அது. தாராளமாக எடுக்கலாம். வேலைக்கான இன்டர்வியூவிலும் கை கொடுக்கும் தலைப்பு. ஆனால் பலரும் டிரான்சிஸ்டரிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் மாடலை வாங்கி, ஒற்றை அதிர்வெண்ணில் கிளாஸ் எஃப் (அதிக செயல்திறன் தரும் ஒரு இயக்க முறை) அமைத்து, 75 சதவீத செயல்திறன் என்று ஒரு கிராஃப் போட்டுவிட்டால் ரிப்போர்ட் முடிந்தது. அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 28 வோல்ட்டில் ஓடும் அந்த ஆம்ப்ளிஃபயருக்கும் 3.4 வோல்ட் பேட்டரியில் ஓடும் போனுக்கும் சம்பந்தம் குறைவு. என்னைக் கேட்டால், டிரான்சிஸ்டரைத் தொடுவதற்கு முன் சிக்னலைப் படியுங்கள்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் போனையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விற்கும் ஒரு சாதாரண 5ஜி போனில் ஜிஎஸ்எம் (2ஜி) 900, 1800 இருக்கும். எல்டிஇயில் (4ஜி) பேண்ட், அதாவது அதிர்வெண் பட்டை, 1, 3, 5, 8, 40, 41 இருக்கும். 5ஜிக்கு என்28, என்78. ஜியோவிடம் 2ஜி கிடையாது. ஏர்டெல்லிடமும் பிஎஸ்என்எல்லிடமும் இன்னும் இருக்கிறது. ஆகவே போன் தயாரிப்பவரால் ஜிஎஸ்எம்மைக் கழற்றிவிட முடியாது. பேண்டுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் என்று வைத்தால் போர்டில் இடம் போதாது, விலையும் தாங்காது. அதனால்தான் லோ பேண்ட், மிட் பேண்ட், ஹை பேண்ட் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அகலப்பட்டை ஆம்ப்ளிஃபயரை வைத்து, அதன் பிறகு ஸ்விட்சால் பேண்டுகளைப் பிரிக்கிறார்கள். உங்கள் ப்ராஜெக்டுக்கு இந்த மூன்றில் ஒன்று போதும். லோ பேண்ட் எடுத்தால் 824 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரை. ஜிஎஸ்எம்மும் எல்டிஇயும் அதே பாதையில் வருவதால் படிக்க நல்ல இடம்.

இனி கணக்கு. ஜிஎஸ்எம் 900 போனின் உச்ச பவர் 33 டிபிஎம் (1 மில்லிவாட்டுக்கு மேல் 33 டெசிபெல்), அதாவது 2 வாட். எல்டிஇ போனுக்கு 23 டிபிஎம், வெறும் 200 மில்லிவாட். பார்த்தவுடன் பத்து மடங்கு வித்தியாசம், ஒரே ஆம்ப்ளிஃபயரால் எப்படி முடியும் என்று தோன்றும். பேப்பரில் போட்டுப் பாருங்கள். ஜிஎஸ்எம்மின் ஜிஎம்எஸ்கே பண்பேற்றத்தில் என்வலப் (சிக்னலின் வீச்சு) மாறாது. சராசரியும் உச்சமும் ஒன்றே. அனுப்புவதும் பெறுவதும் வெவ்வேறு டைம் ஸ்லாட்டில் நடப்பதால் இரண்டையும் பிரிக்கும் டூப்ளெக்ஸர் என்ற வடிகட்டி வேண்டாம். ஆம்ப்ளிஃபயருக்குப் பிறகு ஒன்றரை டெசிபெல் இழப்பு என்று வைத்தால் 34.5 டிபிஎம் தர வேண்டும். எல்டிஇ பேண்ட் 5இல் அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில். டூப்ளெக்ஸர், ஸ்விட்ச் எல்லாம் சேர்த்து நான்கு டெசிபெல் இழப்பு என்று வையுங்கள். சராசரியே 27 டிபிஎம் ஆகிவிடும். என்வலப்பின் உச்சம் சராசரிக்கு மேல் ஐந்து டெசிபெல் ஏறும் என்று எடுத்துக்கொண்டால் 32 டிபிஎம். ஆன்டெனாவில் பத்து டெசிபெல்லாக இருந்த வித்தியாசம், டிரான்சிஸ்டரின் வாசலில் இரண்டரை டெசிபெல்லாகச் சுருங்கிவிட்டது.

அடுத்து லோடு லைன், அதாவது டிரான்சிஸ்டருக்கு எத்தனை ஓம் லோடு காட்ட வேண்டும் என்ற கணக்கு. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை, உச்ச பவரின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 3.4 வோல்ட்டுக்கு ஜிஎஸ்எம்மில் கிட்டத்தட்ட 2 ஓம், எல்டிஇயில் 3.6 ஓம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பல தரங்களுக்கு ஒரே ஆம்ப்ளிஃபயர் சாத்தியமாவதன் ரகசியம் இந்த நாலு வரிக் கணக்கில் இருக்கிறது. 50 ஓமிலிருந்து 2 ஓமுக்கு ஒரே எல்சி (இண்டக்டர், கெப்பாசிட்டர்) பிரிவில் இறங்கினால் பட்டை அகலம் போய்விடும், இரண்டு மூன்று படிகளாக இறங்க வேண்டும் என்பதும் இங்கேயே புரியும். லோடை ஸ்விட்ச் செய்து மாற்றலாமா, சப்ளை வோல்டேஜை மாற்றலாமா என்ற கேள்வி தானாக வரும்.

அப்புறம்தான் செயல்திறன். கிளாஸ் பி 78.5 சதவீதம் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அது உச்ச பவரில் மட்டும். ஐந்து டெசிபெல் கீழே வந்தால் 44 சதவீதம். கிளாஸ் ஏ என்றால் 50 சதவீதமே ஆறு டெசிபெல் கீழே 12.5 ஆகிவிடும். அதற்கு மேல் டூப்ளெக்ஸர் இழப்பு: நான்கு டெசிபெல் என்றால் ஆன்டெனாவுக்குப் போவது 40 சதவீதம்தான். ஆம்ப்ளிஃபயர் 40 சதவீதம் செயல்திறன் காட்டினாலும், பேட்டரியிலிருந்து ஆன்டெனா வரை பார்த்தால் 16 சதவீதம். கைடு எதிரே உட்கார்ந்து இதைப் போட்டுக் காட்டுங்கள், தலைப்புக்கு உடனே கையெழுத்து விழும்.

இந்தச் சரிவைச் சமாளிக்க வழிகள் பழையவை. ஷிரே 1935இலும் (இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் கட்டத்தை மாற்றிக் கூட்டுவது) டோஹர்ட்டி 1936இலும் (உச்சத்தில் மட்டும் இரண்டாவது ஆம்ப்ளிஃபயர் கை கொடுப்பது) ரேடியோ ஒலிபரப்பு நிலையங்களுக்காகச் சொன்னவை. என்வலப்பைப் பிரித்து சப்ளை வழியாகத் திரும்பச் சேர்க்கும், 1952இல் கான் சொன்ன முறையும் உண்டு. பேஸ் ஸ்டேஷன்களில் டோஹர்ட்டி கொடிகட்டிப் பறக்கிறது. போனில் அது சற்றுச் சிக்கல். அதிலுள்ள கால் அலைநீளப் பாதை பட்டை அகலத்தைக் கடிக்கும். பயனர் கையால் ஆன்டெனாவை மூடினால் லோடே மாறிவிடும், டோஹர்ட்டிக்கு லோடு மாறுவது ஆகாது. அதனால் போனில் சப்ளை வோல்டேஜை அசைக்கும் வழி வேரூன்றியது. சராசரி பவருக்கு ஏற்ப மெதுவாக மாற்றுவது ஒன்று, என்வலப்பை அப்படியே பின்தொடர்வது இன்னொன்று. 2013 வாக்கில் குவால்காம் என்வலப் டிராக்கிங் சிப்பைப் போன்களுக்குக் கொண்டுவந்தது. சப்ளை வோல்டேஜை அசைக்கும் மாடுலேட்டரின் செயல்திறனும் பெருக்கலில் சேரும் என்பதை மறக்காதீர்கள்: 50 சதவீத ஆம்ப்ளிஃபயர், 80 சதவீத மாடுலேட்டர், மொத்தம் 40. 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇக்கு எளிதாகத் தெரிவது, என்78இன் 100 மெகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு மாடுலேட்டரைத் திணறடிக்கும். முதுகலை ப்ராஜெக்டுக்கு மாடுலேட்டரை வடிவமைக்கப் போகாதீர்கள். அது தனி ஆராய்ச்சி. ஐடியல் சப்ளை வைத்து, வோல்டேஜை 1 முதல் 3.4 வரை ஏற்றி இறக்கி, ஒவ்வொன்றிலும் கெயினும் செயல்திறனும் எப்படி மாறுகின்றன என்று வரைந்தாலே நல்ல அத்தியாயம் ஒன்று கிடைக்கும்.

எல்டிஇ வந்தவுடன் லீனியாரிட்டியும், அதாவது சிக்னலை உருக்குலைக்காமல் பெருக்கும் கட்டாயமும், கூடவே வரும். பக்கத்துச் சேனலில் கசிவு 30 டெசிபெல்லாவது கீழே இருக்க வேண்டும், 64 க்யூஏஎம்முக்கு (64 நிலைகள் கொண்ட பண்பேற்றம்) ஈவிஎம் (சிக்னல் சரியான நிலையிலிருந்து விலகும் பிழை) 8 சதவீதத்துக்குள், 256 க்யூஏஎம்முக்கு 3.5க்குள். இவை மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் ஆவணங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. இணையத்தில் யாரோ எழுதிய சுருக்கத்தைப் படிக்காமல் எல்டிஇ போனுக்கான 36.101 ஆவணத்தை நேரடியாகத் திறந்து பாருங்கள். முதலில் மிரட்டும், பிறகு பழகிவிடும். செயல்திறன் எண்ணை இந்த வரம்புக்குள் இருக்கும்போது எவ்வளவு என்றுதான் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும்.

மென்பொருளில், ஏடிஎஸ் என்ற ஆர்எஃப் சிமுலேட்டர் கல்லூரி லேபில் இருந்தால் நல்லது. ஹார்மோனிக் பேலன்ஸ், லோடு புல் (லோடை மாற்றி மாற்றிப் பார்ப்பது), பிறகு என்வலப் சிமுலேஷன் என்ற வரிசையில் போங்கள். ஸ்டெபிலிட்டியை பேண்டுக்குள் மட்டும் பார்ப்பது பொதுவான பழக்கம். டிரான்சிஸ்டருக்கு கெயின் அதிகம் இருக்கும் குறைந்த அதிர்வெண்களில்தான் ஆஸிலேஷன் வரும், அங்கே பாருங்கள். டையின் (சிப் துண்டின்) எமிட்டரிலிருந்து கிரவுண்டு வரை உள்ள இண்டக்டன்ஸை மாடலில் சேர்க்காவிட்டால் கெயின் பிரமாதமாக வரும், நம்ப வேண்டாம்.

வைவாவில் கேட்கும் கேள்விகளை ஓரளவு ஊகிக்கலாம். ஏன் காலியம் ஆர்சனைடு ஹெச்பிடி (ஒரு வகை பைபோலார் டிரான்சிஸ்டர்), ஏன் சிலிக்கான் சிப்புகளின் சிமாஸ் இல்லை? முறிவு மின்னழுத்தம், சப்ஸ்ட்ரேட் இழப்பு இரண்டையும் சொல்லுங்கள். பத்து டெசிபெல் குறைந்த பவரில் உங்கள் ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு கரண்ட் எடுக்கும்? இதற்குப் பலரும் திணறுவார்கள். போன் பெரும்பாலான நேரம் உச்ச பவருக்கு வெகு கீழேதான் ஒலிபரப்புகிறது, ஆகவே பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிப்பதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. லோ பவர் மோட் ஒன்றை, பயாஸை (டிரான்சிஸ்டரின் ஓய்வு நிலை கரண்டை) குறைத்தாவது, கட்டாயம் காட்டுங்கள்.

போர்டு செய்து அளக்கும் வாய்ப்பு கிடைத்தால் ஒன்று. ஸ்பெக்ட்ரம் அனலைசர் பலவற்றின் உள்ளீட்டு எல்லை 30 டிபிஎம்தான். உங்களிடமிருந்து வருவதோ 34க்கு மேல். 30 டெசிபெல் அட்டெனுவேட்டர், அதுவும் அந்த வாட்டைத் தாங்கக்கூடியது, லேபில் இருக்கிறதா என்று பிசிபி ஆர்டர் போடும் முன்பே லேப் அசிஸ்டென்ட்டிடம் கேட்டுவிடுங்கள்.