குயில்லிங் செய்முறைத் தேர்வுக்குக் கத்தரிப்பூ அட்டை: அளவுகளும் தவறுகளும்

குயில்லிங் என்பது மெல்லிய காகித நாடாக்களைச் சுருட்டி, ஒட்டி உருவங்கள் செய்யும் கைவினை. கோடை வகுப்போ, கைவினைப் பயிற்சியோ, அதன் செய்முறைத் தேர்வில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: பூவும் இலையும் வைத்த ஒரு வாழ்த்து அட்டை, குறித்த நேரத்துக்குள். காகிதம் சுருட்டத் தெரியாமல் மதிப்பெண் இழப்பவர்கள் குறைவு. ஒரே பூவின் ஐந்து இதழும் ஐந்து அளவில் இருப்பதால் இழப்பவர்களே அதிகம்.

முதலில் எந்தப் பூ என்று முடிவு செய்யுங்கள். வேலூர்ப் பக்கம் எழுதுபவர்களுக்கு நாங்கள் சொல்வது கத்தரிப்பூ. அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடி முள்கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காய் தெரிந்த அளவுக்கு அதன் பூவை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஊதா நிறத்தில் ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் கூம்பு. குயில்லிங்கின் இரண்டு அடிப்படை வடிவங்களிலேயே அது முடிந்துவிடும். ரோஜாவைப் போல அடுக்கடுக்காகத் திணற வேண்டியதில்லை.

பொருட்கள்: 3 மி.மீ. அகல ஸ்ட்ரிப் (காகித நாடா) ஊதா, மஞ்சள், பச்சை மூன்றிலும், நுனியில் பிளவு உள்ள குயில்லிங் ஊசி, 15 மி.மீ., 10 மி.மீ. வட்டங்கள் உள்ள ஸ்டென்சில் (பொறியியல் மாணவர்கள் வரைபடத்துக்கு வைத்திருப்பதே போதும்), வெள்ளைப் பசை, குண்டூசி, 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள தடித்த அட்டை. வேலூர் லாங் பஜாரில் வாங்கினாலும் தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் வாங்கினாலும் ஸ்ட்ரிப்பை ஒரு தடவை ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம். மே மாதத்து வேலூர் வியர்வையில் அந்த ஊதா வெள்ளை அட்டை முழுக்க இறங்கும்.

ஓர் இதழுக்கு 25 செ.மீ. நீளம். ஐந்தையும் முதலிலேயே ஒன்றாக வைத்து வெட்டிவிடுங்கள். ஒவ்வொன்றாக வெட்டினால் அளவு தவறும். ஸ்ட்ரிப்பின் ஒரு பக்கத்து விளிம்பு சற்று மழுங்கலாக இருக்கும், கத்தி இறங்கிய பக்கம் அது. விரலால் தடவினால் தெரியும். எல்லா இதழிலும் அந்தப் பக்கமே மேலே வரட்டும்.

ஊசிப் பிளவில் நுனியைச் செருகிச் சுருட்டும்போது விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சரிந்தால் சுருள் குடை போலக் கிளம்பும். சுருட்டி முடித்ததும் ஊசியை அரைச் சுற்று பின்னோக்கித் திருப்பி உருவுங்கள். நேராக இழுத்தால் நடுப்பகுதி ஊசியோடு வெளியே வந்துவிடும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. சுருளைக் கையில் வைத்து விரியவிடாதீர்கள். 15 மி.மீ. வட்டத்துக்குள் போட்டு, அது தானாக விரிந்து விளிம்பைத் தொடும்வரை விடுங்கள். கண்ணளவில் விரிய விட்டால் முதல் இதழும் ஐந்தாவது இதழும் ஒத்து வராது, ஏனென்றால் கை களைக்கக் களைக்கச் சுருட்டும் இறுக்கம் மாறும். பிறகு குண்டூசி முனையளவு பசையால் கடைசி நுனியை ஒட்டி, ஒரு நிமிடம் காயவிட்டு, எதிரெதிர் முனைகளைக் கிள்ளிக் கண் வடிவமாக்குங்கள். ஒட்டிய இடம் கிள்ளும் முனையில் வரட்டும், அப்போது தையல் போல வெளியே தெரியாது. பசை காயுமுன் கிள்ளினால் அந்த முனை பிரியும். கண் மெலிந்து போகாமல், நடுவில் சற்றுப் புடைப்பாக இருந்தால் இதழ்களுக்கு நடுவே இடைவெளி விழாது.

நடுக்கூம்புக்கு மஞ்சள் 15 செ.மீ. விரியவிடாமல் இறுக்கமாக ஒட்டி, நடுவைப் பேனா மூடியின் முனையால் மெல்ல மேலே தள்ளுங்கள். உட்பக்கம் பசை தடவிக் காயவிட்டால் கூம்பு அப்படியே நிற்கும். பசை தடவாத கூம்பு மதிப்பிடுபவர் விரல் பட்டதும் தட்டையாகிவிடும்.

கத்தரி இலை அகலமானது, ஓரம் அலை அலையாக இருக்கும். ஒற்றைக் கண் வடிவத்தை வைத்தால் அது வேறு ஏதோ செடியின் இலை. பச்சையில் 15 செ.மீ. துண்டுகள் ஐந்தைச் சுருட்டி, 10 மி.மீ. வட்டத்தில் விரியவிட்டு, ஒரு முனை மட்டும் கிள்ளித் துளி வடிவமாக்குங்கள். நுனியில் ஒன்று, இரு பக்கமும் இரண்டிரண்டு, கிள்ளிய முனைகள் நடு நரம்பைப் பார்க்க வேண்டும். உருண்ட முனைகள் வெளியே வந்து அந்த அலை ஓரத்தைத் தாமே கொடுத்துவிடும். சுற்றிலும் ஒரு பச்சை ஸ்ட்ரிப்பை ஒரு சுற்று சுற்றி அடியில் ஒட்டினால் இலை ஒரே துண்டாக நிற்கும். நேரம் மிஞ்சினால் தண்டில் 2 மி.மீ. முட்கள் இரண்டு மூன்று வையுங்கள். இது முள்கத்தரி என்று பார்ப்பவருக்குப் புரியும்.

அட்டை மடித்தபின் 10 × 15 செ.மீ. போதும். மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திவிட்டு மடியுங்கள், இல்லையேல் 300 ஜி.எஸ்.எம். அட்டை வெடிக்கும். பசை தொடுமுன் எல்லாவற்றையும் அட்டைமேல் அடுக்கிப் பாருங்கள். ஒட்டும் வரிசை: தண்டு, இலை, பூ. பசையைப் பாட்டிலிலிருந்து நேராகப் பிழியாமல் ஒரு மூடியில் ஊற்றிக் குண்டூசியால் தொட்டு வையுங்கள். அதிகமானால் காய்ந்தபின் பளபளவென்று தெரியும், அட்டையும் வளையும். மின்விசிறி கண்டிப்பாக ஓடும், ஆகவே வெட்டிய ஸ்ட்ரிப்புகளை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பசை மூடியையும் ஈரத்துணியால் மூடுங்கள், வெயில் நாளில் கால் மணி நேரத்தில் ஆடை படரும்.

2 மணி நேரத் தேர்வில் மூன்று பூ, இரண்டு இலை செய்யலாம். வெட்டுவதற்கு 15 நிமிடம், 15 இதழுக்கு 35, கூம்புகளுக்கு 10, இலைகளுக்கு 25, ஒட்ட 20. மிச்சம் 15 நிமிடம் காய்வதற்கு மட்டும். அந்த நேரத்தில் இன்னொரு பூவைச் சேர்க்கும் ஆசை வரும், சேர்க்காதீர்கள். ஈரமாக ஒப்படைத்த அட்டையில் பூ நகரும்.

வாய்மொழியில் பெயர்க்காரணம் கேட்டால்: குயில்லிங் என்பது இறகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘குயில்’ என்பதிலிருந்து வந்தது; அக்காலத்தில் இறகின் தண்டில் காகிதத்தைச் சுற்றினார்கள். நம் குயில் பறவைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரெக்கார்டு நோட்டில் இறுக்கச் சுருள், தளர்சுருள், துளி, கண் நான்கையும் ஒட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் ஸ்ட்ரிப் நீளத்தையும் வட்ட அளவையும் எழுதிவையுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் புரட்ட வேண்டியது அந்த ஒரு பக்கம்தான்.