கப்பல் வந்தால்தான் இரவு

நார்வேயின் வடகோடியில் மாகெரோயா என்றொரு தீவு. அதிலுள்ள ஹோனிங்ஸ்வோக்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கிறார்கள். 1996இல் இந்த ஊர் தன்னை நகரம் என்று அறிவித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே, நகரம் என்றால் குறைந்தது 5,000 பேராவது வேண்டும் என்று சட்டம் வந்தது. முந்திக்கொண்டதால் பட்டம் தப்பியது. இங்கே சுற்றுலாக் கப்பல்கள் கட்டும் துறைமேடையில் கோடைக்கால வாசல் காவலாளாக வேலை செய்கிறேன்.

2004இல் நடைமுறைக்கு வந்த ஐஎஸ்பிஎஸ் என்ற சர்வதேசப் பாதுகாப்பு விதிப்படி, வெளிநாட்டுக் கப்பல் நிற்கும் நேரம் முழுவதும் மேடை வேலிக்குள் இருக்க வேண்டும். இறங்குபவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. திரும்பி வருபவர்களிடம்தான் கப்பல் அட்டையைப் பார்க்க வேண்டும். சொல்வதற்குச் சுலபமான வேலை. நிற்கும் நேரம்தான் பிரச்சினை. வருகிற எல்லோரும் பார்க்க விரும்புவது நள்ளிரவுச் சூரியனை. மே 14 முதல் ஜூலை 29 வரை இங்கே சூரியன் அடிவானத்துக்குக் கீழே போவதில்லை. அதனால் பல கப்பல்கள் மாலையில் வந்து, நள்ளிரவு கழிந்த பிறகு கிளம்புகின்றன. வெளிச்சத்தை வைத்து நேரம் சொல்ல முடியாத ஊரில், பேருந்துகளின் வரிசையைப் பார்த்தே இரவாகிவிட்டதென்று தெரிந்துகொள்வோம்.

அந்தப் பேருந்துகள் போவது நார்த் கேப்புக்கு. இங்கிருந்து 34 கிலோமீட்டர். 307 மீட்டர் உயரப் பாறைமுனை, அதன்மேல் 1978இல் வைத்த இரும்புப் பூகோளம். ஐரோப்பாவின் வடமுனை என்று சொல்லித்தான் கூட்டிப்போவார்கள். உண்மையில் பக்கத்திலுள்ள க்னிவ்ஷெல்லோடன் என்ற தாழ்வான முனை அதைவிட ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்கு வடக்கே நீண்டிருக்கிறது. அங்கே போக ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும், திரும்பி வர இன்னொரு ஒன்பது. கப்பல் பயணிக்கு அதற்கு நேரம் ஏது? பாறைமுனைக்கே போனாலும் பல நாள் மூடுபனிதான். சூரியனுக்குக் காசு கட்டியவர்கள் பாலுக்குள் நின்றதுபோல் நின்றுவிட்டு வருவார்கள். அந்தக் கோபத்தை முதலில் வாங்குபவர் வழிகாட்டி, அடுத்தது வாசலில் நிற்கும் நான்.

கப்பலால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். துறைமுகக் கட்டணம் உண்டு, பேருந்துக்காரருக்கு வருமானம் உண்டு. ஆனால் பயணிகளில் பெரும்பாலானோர் கப்பல் படியிலிருந்து நேரே பேருந்துப் படிக்குப் போகிறார்கள். சாப்பாடு கப்பலிலேயே, சுற்றுலாச் சீட்டும் கப்பலிலேயே வாங்கியது. ஊர்த் தேவாலயத்தை எட்டிப் பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை எங்கள் மாகாணமான ஃபின்மார்க்கையே எரித்தபோது இந்த ஊரில் மிஞ்சியது அந்த ஒரு கட்டடம்தான். ஊர் திரும்பியவர்கள் முதலில் அதற்குள்ளேதான் குடியிருந்தார்கள். என்னைக் கேட்டால், பாறைமுனையைவிட அங்கேதான் பார்க்க விஷயம் இருக்கிறது. ஆனால் அது எந்தச் சீட்டிலும் அச்சாவதில்லை.

கடைத்தெருவில் உண்மையாகக் காசு செலவழிப்பவர்கள் கப்பல் ஊழியர்கள் என்பது என் கணிப்பு. இரண்டு வேலைமுறைக்கு நடுவே கிடைக்கும் சொற்ப நேரத்தில் இறங்கி ஓடி வருவார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா. நூடுல்ஸ், ஷாம்பு, தலைவலி மாத்திரை வாங்குவார்கள். ஒருநாள் சமையலறை ஊழியர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "அண்ணே, தமிழா?" என்றார். தூத்துக்குடிக்காரர். "ஓம் தம்பி, யாழ்ப்பாணம்" என்றேன். அடுத்த கேள்வியே, "இங்க வைஃபை எங்கண்ணே கிடைக்கும்?" ஊரைப் பற்றியோ சூரியனைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. வீட்டிலிருப்பவர்கள் தூங்கப் போவதற்குள் அவர்களோடு பேசியாக வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு வழி காட்டியபோது, 1980களில் இந்தக் கரையோர ஊர்களின் மீன் தொழிற்சாலைகளுக்கு வந்த எங்கள் ஆட்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் கண்டது பனிக்காலத்து ஃபின்மார்க்கை. சுற்றுலாப் படங்களில் அது இருக்காது.

மேற்கு நார்வேயில் கைராங்கர் போன்ற உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில், அதாவது மலைகளுக்கிடையே நீளும் குறுகிய கடற்கால்களில், புகைக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. 10,000 டன்னுக்குக் குறைவான பயணிக் கப்பல்கள் 2026 முதல் மாசு வெளியிடாமல்தான் நுழைய வேண்டும். பெரியவற்றுக்கு 2032வரை தவணை. அங்கே நெருக்கினால் கப்பல்கள் நம் பக்கம் திரும்பும் என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். அதே காரணத்துக்காகச் சிலர் முணுமுணுக்கிறார்கள். இருவருமே அயலவர்கள் என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை.

ஆனால் கப்பலை நம்பி ஊர் எவ்வளவு தூரம் நாளைத் திட்டமிடுகிறது என்பது காற்று அடிக்கும்போதுதான் தெரியும். உயரமான கப்பலின் பக்கவாட்டு முழுக்கப் பாய்மரம் மாதிரி. காற்று பலமானால் மாலுமி மேடையை நெருங்கவே மாட்டார். வெளியூரிலிருந்து வந்த பேருந்துகள் வரிசையில் நிற்கும், கடைக்காரர் கூடுதல் ஆள் போட்டிருப்பார், கயிறு பிடிப்பவர்கள் கையுறையோடு காத்திருப்பார்கள். பிறகு வானொலியில் ஒரே வரி: வரவில்லை. வேலியைக் கழற்றி அடுக்குவோம். அன்றைய கூலி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று பேருந்து ஓட்டுநர்கள் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.