15 வயது சான்ட்ரோவும் நான்கு லட்ச ரூபாயும்

2025 டிசம்பரோடு எங்கள் சான்ட்ரோ காரின் ஆர்.சி. (பதிவுச் சான்று) முடிகிறது. 2010 டிசம்பரில் பதிவான வண்டி. சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதற்கு மேல் ஓட்டுவதென்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கி, ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கொள்ளலாம். கட்டணம் முன்பு 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். இது போகப் பசுமை வரி, எஃப்.சி.க்கு முன்னால் டிங்கரிங், பெயின்டிங். எல்லாம் சேர்த்து 30,000 வரும் என்றார் எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி.

வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டு நான்கைந்து வருடப் பழைய கார் ஒன்றை வாங்குவதா என்று வீட்டில் பேச ஆரம்பித்ததும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஸ்டாஃப் ரூமில் பெரும்பாலானவர்களின் வாதம் ஒன்றுதான்: "பழைய வண்டிக்குச் செலவு பண்ணிக்கிட்டே இருக்கணும் டீச்சர், தள்ளிவிட்டுருங்க." இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

போன வருடம் சான்ட்ரோவுக்குக் கிளட்ச் செட், ரேடியேட்டர், லோயர் ஆர்ம் புஷ் என்று 28,000 போல ஆனது. தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும்தான் போடுகிறேன், 1086 சி.சி. என்பதால் அடிப்படைப் பிரீமியம் 3,416. விற்றால் 60,000 கிடைக்கும், ஐந்து வருடம் கழித்து ஒன்றும் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டேன். மைலேஜ் 13. எதிர்ப்பக்கத்தில் நான்கு லட்சத்துக்கு ஒரு கார். ஐந்து வருடத்தில் அதன் விலை பாதியாகிவிடும். முழு இன்ஷூரன்ஸ் போட வேண்டும், கைப்பணத்துக்குப் பேங்கில் வரும் வட்டியும் போகும். சர்வீஸ் செலவு குறைவு, மைலேஜ் நாலு கிலோமீட்டர் கூடுதல். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் வருடத்துக்குச் சுமார் 20,000 ரூபாய் பழைய வண்டிதான் மிச்சப்படுத்துகிறது. பணத்தை மட்டும் பார்த்தால் சான்ட்ரோவை விற்கக் காரணமே இல்லை. ரிப்பேர் செலவு ஒரே நாளில் மொத்தமாகக் கையை விட்டுப் போவதால் பெரிதாகத் தெரிகிறது. புது வண்டியின் விலை இறங்குவது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

அண்ணாச்சியும் அதையேதான் சொன்னார். "இஞ்சின்ல கை வைக்கவே வேண்டாம் டீச்சர். டைமிங் பெல்ட் மாத்தியாச்சு, பெட்ரோல்ல எத்தனால் கூடுதல்னு ஹோஸையும் மாத்தியாச்சு. நல்லா ஓடுத வண்டிய ஏன் விக்கிய?" அவர் சொன்னதில் தப்பே இல்லை. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் செய்த அந்த எபிசிலான் வகை இஞ்சினை இன்றைக்கும் காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் செய்கிறேன்.

அப்படியிருந்தும் விற்பது என்று முடிவு செய்தேன். காரணம் வல்லநாடு.

போன மாதம் மழைக்காலத்தின் முதல் மழை. தூத்துக்குடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் மகள், பின்னால் அப்பா. வல்லநாட்டுக்கு முன்னால் நாலு வழிச் சாலையில் அறுபதில் போகிறேன், முன்னால் ஒரு லாரி, நடுவில் நல்ல இடைவெளி. சாலைக்குக் குறுக்கே மாடு வர, லாரிக்காரர் பிரேக் போட்டார். நானும் போட்டேன். நாலு சக்கரமும் பூட்டிக்கொண்டன. ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்புகிறேன், வண்டி கேட்கவே இல்லை. மூக்கு லாரியைப் பார்த்தபடியே வழுக்கிக்கொண்டு போகிறது. பிரேக்கை விட்டு மறுபடி மிதித்ததும் சக்கரம் உருண்டது, வண்டி திரும்பியது, மண் ஓரத்தில் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மகள் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த டாஷ்போர்டுக்குள் ஏர்பேக் கிடையாது.

எங்கள் சான்ட்ரோவில் இல்லாத ஏ.பி.எஸ். என்ற பிரேக் அமைப்பு செய்வது நான் காலால் செய்த அதே வேலையைத்தான். சக்கரம் பூட்டிக்கொள்வதை சென்சாரில் பார்த்து, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. வித்தியாசம், அது ஒரு நொடிக்குள் பல முறை செய்துவிடும். மனிதக் கால் அவ்வளவு வேகமாகச் செய்யாது, பயத்தில் இருக்கும் கால் நிச்சயமாகச் செய்யாது. முக்கியமானது, உருளுகிற சக்கரத்தால்தான் திரும்ப முடியும். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதே வருடம் ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2021 கடைசியில்தான். பழைய கார் வாங்குகிறவர்கள் இந்தத் தேதிகளை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. சில கார்களில் 2018 மாடலுக்கும் 2020 மாடலுக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, விலையில் 40,000, 50,000 வித்தியாசம் இருக்கும். அந்தப் பணம் எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான்.

கார்களை மோதவிட்டுப் பார்த்து, பாதுகாப்புக்கு ஐந்து வரை ஸ்டார் கொடுக்கிற அமைப்பு குளோபல் என்கேப். 2014 ஜனவரியில் அது முதல் முறையாக இந்தியக் கார்களை மோதிப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ என ஐந்து கார்கள். ஏர்பேக் இல்லாத வடிவத்தில் ஐந்துக்கும் பூஜ்யம் ஸ்டார். அதே போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்து மோதியபோது நான்கு ஸ்டார் வந்தது. எங்கள் சான்ட்ரோ அந்தத் தலைமுறை வண்டி. இஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்குள் இல்லாததை அண்ணாச்சியால் மாட்டித் தர முடியாது.

எதற்காக மாற்றுகிறோம் என்று தெளிவானதும் எதை வாங்குவது என்பதும் சுருங்கிவிட்டது. வேகன் ஆர்தான் அப்பாவின் ஆசை. அவருக்கு 78 வயது, இரண்டு முழங்காலும் வலி. சான்ட்ரோ உயரமான வண்டி, குனியாமல் நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்கார்ந்துவிடுவார். வேகன் ஆரும் அப்படித்தான். ஆனால் 2019இல் நடந்த மோதல் சோதனையில் வேகன் ஆருக்கு இரண்டு ஸ்டார். ஒரு ஏர்பேக் உள்ள வண்டியைத்தான் மோதினார்கள். 2020 சோதனையில் கிராண்ட் ஐ10 நியோஸுக்கும் இரண்டுதான். அதே வருடம் இரண்டு ஏர்பேக்கோடு சோதித்த டாடா டியாகோவுக்கு நான்கு. 2022 நடுவில் சோதனை விதிகளைக் கடுமையாக்கிவிட்டார்கள், அதற்குப் பிறகு வந்த ஸ்டார்களோடு இவற்றை ஒப்பிடக் கூடாது. ஆனால் இந்த மூன்றும் ஒரே விதியில் வாங்கிய மதிப்பெண்.

புதுசே வாங்கலாமே என்றும் கேட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டதால், புது டியாகோ ஷோரூம் விலை அப்போது நாலரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே ஆரம்பித்தது. உண்மையிலேயே நல்ல விலை. ஆனால் அதன்மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி 12 சதவீதம், மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் எல்லாம் ஏறும்; ரோட்டுக்கு வரும்போது ஐந்தரை லட்சத்தைத் தொடும். என்னிடம் கடன் இல்லாமல் இருப்பது நான்கு லட்சம். மகள் அடுத்த வருடம் காலேஜ். மாதத் தவணை எதுவும் புதிதாக ஏற வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். ஆனாலும் அந்த வரிக் குறைப்பு பேரம் பேச நன்றாக உதவியது. "புதுசே இந்த விலைக்கு வருதே" என்றால் விற்கிறவர்களிடம் பதில் இல்லை.

தேடும்போது கவனமாக இருந்தது வெள்ளத்தில் முங்கிய வண்டி விஷயத்தில். 2023 டிசம்பர் 17, 18ஐ எங்கள் பக்கத்து ஆட்கள் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், பயணிகள் நூற்றுக்கணக்கில் ரயிலிலேயே மாட்டிக்கொண்டார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளியும் அந்தப் பக்கம்தான். தண்ணீர் வடிந்து பல மாதம் கழித்தும் பீரோ கீல்களிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. செம்பழுப்பாக, பவுடர் மாதிரி, ஈரம் பட்டால் பசையாக ஒட்டும் ஆற்று வண்டல். அந்த நிறம் எனக்கு மனப்பாடம்.

தூத்துக்குடியில் ஒரு பழைய கார் விற்பனைக் கடையில் ஒரு வேகன் ஆர் பார்த்தோம். அப்பாவுக்காகத்தான் போனது. 2021 மாடல், வெள்ளை, சந்தை விலையைவிட 50,000 குறைவு. புது சீட் கவர், தூக்கலான சென்ட் வாசனை. "சிங்கிள் ஓனர்ம்மா, டாக்டர் ஓட்டுன வண்டி" என்றார் கடைக்காரர். முன் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். வழக்கமாக நாம் மாட்டுகிற நீளம் வரைக்கும் சுத்தமாக இருந்தது. அதற்கு மேலும் இழுத்து, உள்ளே சுருளில் கிடக்கும் கடைசி ஒரு முழம் வெளியே வந்தபோது, நாடாவின் நெசவுக்குள் அந்தச் செம்பழுப்பு. நகத்தால் சுரண்டினால் பவுடராக உதிர்ந்தது. மிதியடியைத் தூக்கி சீட் நகரும் தண்டவாளத்தைப் பார்த்தேன், போல்ட் தலையெல்லாம் துரு. டிக்கியில் ஸ்டெப்னி குழிக்குள்ளும் அதே மண்.

இஞ்சின் நனைந்தால் பிரித்துக் கழுவிச் சரிசெய்யலாம். என் பயம் வேறு. ஏர்பேக் எப்போது வெடிக்க வேண்டும் என்று முடிவு செய்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பெரும்பாலான கார்களில் கியர் லீவர் பக்கத்தில், தரையை ஒட்டி வைத்திருப்பார்கள். தண்ணீர் தரைக்கு மேல் அரை அடி ஏறினால் முதலில் முங்குவது அதுதான். அதன் கனெக்டர் பின்களில் மாதக் கணக்கில் மெல்ல மெல்லப் பச்சைக் களிம்பு பூக்கும். எதற்காகப் பழைய வண்டியை விற்கிறேனோ அதுவே இல்லாத வண்டியை, மூன்றரை லட்சம் கொடுத்து வாங்குவதாகிவிடும். பெல்ட்டைச் சுருளுக்குள் திரும்ப விட்டுவிட்டு வந்துவிட்டோம். கார் பார்க்கப் போகிறவர்கள் எதை மறந்தாலும் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க மறக்காதீர்கள். சீட் கவர் மாற்றுவார்கள், கார்பெட் மாற்றுவார்கள், பெல்ட்டை மாற்றுகிறவர்கள் குறைவு.

கடைசியில் அமைந்தது பாளையங்கோட்டையிலேயே, ஒரு பேங்க் ஊழியர் வைத்திருந்த 2020 டியாகோ. டி.என். 72, அதாவது திருநெல்வேலிப் பதிவு நம்பர். வெளியூர் மாற்றல் என்பதால் விற்கிறார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் நம்பரைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் ரெக்கார்டு முழுவதையும் வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சர்வீஸுக்கும் கிலோமீட்டர் ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, எங்கேயும் மீட்டர் குறைக்கவில்லை. டயரில் 3120 என்று இருந்தது, அதாவது 2020இன் 31வது வாரம். டயரின் மேல் பட்டன் தேயாமல் நிறைய மிச்சம் இருந்தும், ஐந்து வருடம் தாண்டிய ரப்பர் மழை ரோட்டில் பிடிக்காது என்று நாலு டயர் விலையைப் பேசிக் குறைத்தேன். பானெட்டைக் கழற்றி மாட்டிய அடையாளமாகக் கீலின் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று அண்ணாச்சி டார்ச் அடித்துப் பார்த்தார். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்தது. அது எரியாமலே இருந்தால் பல்பைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். 3,85,000க்கு முடிந்தது.

அப்பாவுக்கு சீட் தாழ்வுதான். ஏறிப் பார்த்துவிட்டு, "எறங்குததுதான் கொஞ்சம் பாடு" என்றார். முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியெல்லாம் அவர் செய்வதில்லை, அது தனிக் கதை. இரண்டு அங்குலக் கெட்டி மெத்தை ஒன்று தைத்துப் போட்டிருக்கிறேன். முதலில் உட்கார்ந்துகொண்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். வேகன் ஆரின் வசதி இதில் இல்லை. அவருக்கு அது கஷ்டம்தான் என்று தெரிந்தே எடுத்த முடிவு, அவரிடமும் அப்படியே சொன்னேன்.

சான்ட்ரோவை ஒரு புரோக்கர் 62,000க்குக் கேட்டார். "ஆர்.சி. அப்புறம் மாத்திக்கலாம் மேடம், ஃபார்ம்ல சைன் மட்டும் போட்டுக் கொடுங்க" என்றார். முடியாது என்றுவிட்டேன். வண்டியைக் கைமாற்றிப் பணம் வாங்கியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீடு அவர் தலையில்தான் என்று 2018இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பிறகு அண்ணாச்சியே 55,000க்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு ஆபத்து என்று தோன்றிய வண்டி அவருக்கு மட்டும் ஆபத்து இல்லையா என்று மனது கேட்டது, அவரிடமே கேட்டுவிட்டேன். டவுனுக்குள் ஸ்பேர் பார்ட்ஸ் ஏற்றிக்கொண்டு நாற்பதைத் தாண்டாமல் ஓட்டப் போகிற வண்டி, ஹைவேக்கு எடுத்துப் போகமாட்டேன் என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் சம்மதித்தேன்.

பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டாயிற்று. டிசம்பருக்குள் பெயர் மாற்றம், அதன் பிறகு எஃப்.சி. அவர் பொறுப்பு. வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் உரிமையாளர் இடத்தில் அவர் பெயர் வந்ததும் இரண்டாவது சாவியைக் கொடுப்பதாகப் பேச்சு.